வீட்டுல டிஜே பண்ணிக்கிட்டே விஷுவல்ஸும் ஓட்டணும், முதல்ல எத வாங்குறது?

மாடிபோர்ஷன்:

வணக்கம் மக்களே. திருச்சில ஒரு வீட்டு மாடி போர்ஷன்ல இருக்கோம், கீழ ஹவுஸ் ஓனர். டிஜே கத்துக்கணும்னு மூணு வருஷமா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, இந்த தடவ போனஸ் வந்ததும் முடிவு பண்ணிட்டேன். மொத்த பட்ஜெட் 50 ஆயிரம், அதுக்கு மேல ஒத்த ரூபா கிடையாது (அம்மாகிட்ட 30னு தான் சொல்லிருக்கேன், அது தனிக் கதை).

பிரச்சினை என்னன்னா எனக்கு வெறும் பாட்டு மிக்ஸ் பண்றது மட்டும் பத்தாது. சின்ன வயசுல மாமா வீட்டு கம்ப்யூட்டர்ல வினாம்ப் போட்டா கலர் கலரா ஒண்ணு சுத்துமே, பாட்டு முடியிற வரைக்கும் அத வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருப்பேன். அந்த மாதிரி சுவத்துல ஓடணும், அதையும் பாட்டோட சேத்து நானே கையால ஓட்டணும். ஆள் நான் ஒருத்தன் தான்.

வீட்டுல இருக்கறது: ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்ல. காலேஜ்ல வாங்குன இன்னொரு லேப்டாப், பேட்டரி செத்துருச்சு, சார்ஜர்ல மட்டும் உயிரோட இருக்கும். 43 இன்ச் டிவி. ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர்.

கடைக்காரர் ஒருத்தர் 4 சேனல் கன்ட்ரோலர் (லேப்டாப்ல சொருகி பாட்டு மிக்ஸ் பண்ற பெட்டி) எடுங்க, அப்பதான் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் வீடியோன்னு வரும்ங்கிறார், உண்மையா? அப்புறம் ஆன்லைன்ல 12000 லூமென்ஸ் ப்ரொஜெக்டர் 7 ஆயிரத்துக்கு பாத்தேன், கார்ட்ல போட்டு வச்சிருக்கேன். அமுக்கவா வேணாமா?

சும்மாவந்தவன்:

முதல்ல கீழ் வீட்டுக்கு அரை கிலோ மைசூர்பாக். மத்தத அப்புறம் பேசுவோம்.

ஈரோடு ஸ்க்ராட்ச்:

தம்பி அந்த கார்ட்ல இருந்து கைய எடு மொதல்ல. ப்ரொஜெக்டர் கதைய விவரம் தெரிஞ்சவங்க சொல்வாங்க, நான் சவுண்ட் ஆளு, கல்யாணம் காதுகுத்து காலேஜ் ஃபங்ஷன்னு பத்து வருஷமா ஓட்டிக்கிட்டு இருக்கேன், அந்தப் பக்கத்த மட்டும் சொல்றேன்.

4 சேனல்னா நாலு பாட்ட ஒரே நேரத்துல மிக்ஸ் பண்ணலாம்னு அர்த்தம், அவ்ளோ தான். வீடியோவுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. ஆரம்பத்துல ரெண்டு பாட்ட மோதாம வைக்கிறதே பெரிய பாடு, ரெண்டு சேனல் தாராளம்.

புதுசா எடுக்கறதா இருந்தா பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4. ஒரே யூஎஸ்பி கேபிள்ல கரண்ட்டும் போயிரும் டேட்டாவும் போயிரும், ரெகார்ட்பாக்ஸ்ங்கிற டிஜே சாஃப்ட்வேர் இத சொருகுனா தனியா காசு கட்டாமலே மிக்ஸ் பண்ண விடும், செராட்டோ லைட்ங்கிற இன்னொரு சாஃப்ட்வேரும் ஓடும். பெரிய கிளப்ல இருக்கற மெஷின்லயும் பட்டன் கிட்டத்தட்ட இதே இடத்துல தான் இருக்கும்ங்கிறதால நாளைக்கு எங்கயாச்சும் வாசிக்கப் போனா கை தடவாது. ஆனா உன் பட்ஜெட்டுல பாதிக்கு மேல இதே தின்னுரும். அதுக்குக் கீழன்னா ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 200, 300 இருக்கு, 300ல பீட் சேரலன்னா எந்தப் பக்கம் தள்ளணும்னு லைட் எரிஞ்சு காட்டும், கத்துக்கறவனுக்கு நல்ல சாமான். செகண்ட் ஹேண்டுக்கு மனசு வந்தா டிடிஜே-400 தேடு. 2018ல வந்தது, எஃப்எல்எக்ஸ்4க்கு அண்ணன், ரெகார்ட்பாக்ஸுக்குனே செஞ்சது, நெறைய பேரு வாங்கி ஆறு மாசத்துல ஆச அடங்கி வித்துருவாங்க. வாங்கும்போது ஜாக் வீல்னு ரெண்டு வட்டத் தட்டு இருக்கும், ரெண்டையும் சுத்திப் பாரு, ஃபேடர்ங்கிற தள்ளு பட்டன் ஒவ்வொண்ணையும் மேல கீழ தள்ளி கரகரங்குதான்னு கேளு, பின்னாடி யூஎஸ்பி ஓட்டைய லேசா ஆட்டிப் பாரு. ஆட்டும்போது கனெக்‌ஷன் போச்சுன்னா கும்பிடு போட்டுட்டு வந்துரு.

ப்ளூடூத் ஸ்பீக்கர மறந்துரு. நீ ப்ளே அமுக்கி சத்தம் வர்றதுக்குள்ள ஒரு டீ குடிக்கலாம். கொஞ்சம் மிகைதான், ஆனா அந்த லேட்ட வச்சுக்கிட்டு பீட் சேக்க முடியவே முடியாது. ஒயர் போட்ட ஸ்பீக்கர் ஒரு ஜோடி, காது மூடுன ஹெட்போன் ஒண்ணு, இது ரெண்டுக்கும் காசு ஒதுக்கிட்டு தான் மிச்சத்த நெனைக்கணும். எஃப்எல்எக்ஸ்4ல வெளிய போறது ஆர்சிஏ, செவப்பு வெள்ளைப் பின்னு, அதுக்கு ஏத்த ஒயரா பாத்து வாங்கு. ஸ்பீக்கர தரையில வைக்காத, பழைய தேங்காய்நார் மெத்த துண்டு இருந்தா அடியில போடு, கீழ் வீட்டு சீலிங் அதிராது.

இன்னொண்ணு, இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. யூடியூப்ல வெளிநாட்டுக்காரன் சொல்லித்தர்றது எல்லாம் ஹவுஸ், டெக்னோ, கம்ப்யூட்டர்ல செஞ்ச பாட்டு, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு அளவெடுத்து அடிக்கும். நம்ம குத்துப் பாட்டுல நெறைய திஸ்ர நடை, 6/8. சாஃப்ட்வேர் எல்லாத்தையும் நாலா எண்ணிக்கிட்டு தப்பான பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தன அடி) காட்டும். 80கள்ல வந்த பாட்டெல்லாம் ஆளுங்க உக்காந்து கையால வாசிச்சது, சரணத்துல கொஞ்சம் ஓடும், பிஜிஎம்ல கொஞ்சம் ஆறும். ரெகார்ட்பாக்ஸ்ல அனாலிசிஸ் செட்டிங்ல டைனமிக்னு ஒண்ணு இருக்கு, அந்த மாதிரி பாட்டுக்கு அத போட்டு அலசு. அப்பவும் ஒழுங்கா வராது, காத நம்பு.

விஷுவல்ஸுக்கு எனக்கு தெரிஞ்சது விர்ச்சுவல் டிஜே, அதுக்குள்ளயே வீடியோ மிக்ஸிங் இருக்கு, எம்பி4 பாட்ட ரெண்டு டெக்குல போட்டு கிராஸ்ஃபேடர தள்ளுனா படமும் சேந்து மாறும். ஒரே லேப்டாப்ல சோலி முடிஞ்சுது.

நியான்நிலா:

ஸ்க்ராட்ச் அண்ணே சவுண்டுக்கு சொன்னது எல்லாம் கரெக்ட். கடைசி வரில தான் எனக்கு சண்ட.

விர்ச்சுவல் டிஜே வீடியோ நல்ல விஷயம் தான், ஆனா அது பாட்டோட வீடியோவ மாத்துறது, கல்யாண மண்டபத்து ஸ்க்ரீனுக்கு சரி. கன்ட்ரோலர் சொருகி தொடர்ந்து ஓட்டணும்னா லைசன்ஸும் கேக்கும். இவர் கேக்கறது வினாம்ப்ல சுத்துன அந்த வஸ்து, அது வேற சாதி. அப்புறம் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத 8 ஜிபி லேப்டாப்ல ரெண்டையும் ஏத்துனா என்ன ஆகும்னு நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன், பாட்டு டிக் டிக்னு வெட்டும். படம் ரெண்டு ஃப்ரேம் தவறுனா கண்ணு கண்டுக்காது, சத்தத்துல ஒரு சின்ன கீறல் விழுந்தாக்கூட ஹால்ல இருக்கற அத்தன பேரும் திரும்பிப் பாப்பாங்க.

அதனால என் ஒரே பேச்சு: பாட்டுக்கு ஒரு மெஷின், படத்துக்கு ஒரு மெஷின். அந்த பேட்டரி செத்த காலேஜ் லேப்டாப் தான் இந்தக் கதைல ஹீரோ. அத டிவியோட எச்டிஎம்ஐல மாட்டுங்க. ரெண்டு லேப்டாப்புக்கும் நடுவுல ஒயரே வேணாம், பழைய லேப்டாப்போட மைக் ரூம்ல ஓடுற பாட்ட கேக்கும், கேட்டுட்டு ஆடும்.

ஒரே லேப்டாப்னா எங்க மாட்டும்னு சொல்லிடுறேன், கடைல இத சொல்ல மாட்டாங்க. கன்ட்ரோலர் உள்ளயே சவுண்ட் கார்டு இருக்கு, பாட்டு லேப்டாப்ல இருந்து நேரா அது வழியா ஸ்பீக்கருக்கு போயிடும். அதே லேப்டாப்ல இருக்கற விஷுவல்ஸ் சாஃப்ட்வேர் காதுல அது பெரும்பாலும் விழாது. விர்ச்சுவல் கேபிள்னு ஒரு டிரைவர் போட்டு சுத்தி வளைச்சு கொண்டு வரணும். அதோட விண்டோஸ்ல மிடி சாமான்கள (பட்டன், திருகு அசையறத சாஃப்ட்வேருக்கு சொல்ற பெட்டிங்க, கன்ட்ரோலரும் அதுல ஒண்ணு) பெரும்பாலும் ஒரு நேரத்துல ஒரு சாஃப்ட்வேர் தான் பிடிச்சு வச்சுக்கும், ரெகார்ட்பாக்ஸ் பிடிச்ச கன்ட்ரோலர இன்னொண்ணுக்கு கொடுக்காது. கன்ட்ரோலர்ல மிச்சம் இருக்கற பட்டன்ல விஷுவல்ஸ் மாத்திக்கலாம்னு பிளான் போட்டு நான் ஒரு வாரம் தலைய பிச்சுக்கிட்டேன். மேக்ல இந்த தொல்ல கிடையாது.

சாஃப்ட்வேருக்கு இப்போதைக்கு ஒத்த பைசா செலவு பண்ணாதீங்க. மாமா வீட்டு வினாம்ப்ல நீங்க பாத்தது பெரும்பாலும் மில்க்டிராப், ரையன் கைஸ்னு ஒருத்தர் எழுதினது. அதோட வாரிசு ப்ராஜெக்ட்எம், இலவசம், பழைய மெஷின்லயும் ஓடும், ஆயிரக்கணக்குல ப்ரீசெட் (ரெடிமேட் டிசைன்) கிடைக்கும். ஆனா அதுல உங்க கைக்கு வேல கம்மி, தன்னால ஆடும். கையால ஓட்டணும்னா ஹைட்ரா பாருங்க, ஒலிவியா ஜாக் செஞ்சது, ப்ரௌசர்லயே திறக்கும், இன்ஸ்டால் எதுவும் வேணாம். ரெண்டு வரி கோட் அடிச்சா கோடு கோடா வரும், மூணாவது வரில அத பூவா மடிக்கலாம், மைக் சத்தத்த எடுத்து எந்த நம்பர்ல வேணா சொருகலாம், மவுஸ நகத்துறதையே நாப் (திருகு பட்டன்) மாதிரி வச்சுக்கலாம். கோடுன்னதும் பயப்படாதீங்க, இது சாம்பாருக்கு உப்பு போடற மாதிரி தான், போட்டுப் பாத்து ருசி பாத்து மாத்தறது.

ஒரு மாசம் கழிச்சு கிளிப்ஸ் அடுக்கி ஓட்டணும்னு தோணுச்சுன்னா ரெசொலூம் டெமோ எறக்குங்க. நாளு கணக்கு கிடையாது, ஆனா நடுநடுவுல லோகோ வந்து போகும், சத்தத்துல ரோபோ குரல் வரும். லேப்டாப்ப ம்யூட்ல போட்டுட்டா குரல் தொல்ல இல்ல. வீட்டுல லோகோ வந்தா யாரு கேக்கப் போறா. காசு குடுத்து வாங்கற பதிப்ப, காசு வாங்கிட்டு வாசிக்கிற காலத்துல பாத்துக்கலாம். ஒரு விஷயம் மட்டும் இப்பவே: ஃபோன்ல எடுத்த எம்பி4ஐ அப்படியே போடாதீங்க. அதுல ஒரு ஃப்ரேம் முன்னாடி ஃப்ரேம நம்பி இருக்கும், ரிவர்ஸ் அடிச்சாலோ நடுவுல குதிச்சாலோ திணறும். ஆலின்னு ரெசொலூமோட இலவச கன்வர்ட்டர் இருக்கு, அதுல போட்டு டிஎக்ஸ்வியா மாத்திக்கோங்க. ஃபைல் குண்டாயிடும், ஆனா ஒவ்வொரு ஃப்ரேமும் தன் கால்ல நிக்கும், முன்னாடி பின்னாடி எப்படி இழுத்தாலும் வெண்ணெய் மாதிரி போகும்.

காசு குடுத்து வாங்கறதுன்னா சின்னதா ஒரு மிடி பெட்டி. கோர்க் நானோகன்ட்ரோல்2ல எட்டு ஸ்லைடர் எட்டு நாப், ஒல்லியா இருக்கும், பைக்குள்ள போயிடும். இல்ல அகாய் ஏபிசி மினி, 64 பட்டன், ஒன்பது ஃபேடர், கிளிப் அடுக்கி விளையாட சுகமா இருக்கும். ஆனா எத வாங்குனாலும் முதல் மூணு மாசம் மூணே மூணு நாப் தான் தொடணும்: மொத்த வெளிச்சம், வேகம், ஏதாவது ஒரு எஃபெக்ட். உங்களுக்கு இருக்கறது ரெண்டு கை. பாட்டு மாறும்போது ரெண்டும் கன்ட்ரோலர் மேல தான் இருக்கும், அப்போ படத்த தொடவே தொடாதீங்க, அது பாட்டுக்கு ஓடட்டும். புதுப் பாட்டு உக்காந்ததுக்கு அப்புறம் ஒரு கைய எடுத்து படத்துக்கு வாங்க. வெளிச்சத்த மொத்தமா பூஜ்யத்துக்கு எறக்கி நாலு எண்ணி பேஸ் விழும்போது தூக்கி விடுங்க, அந்த ஒரு வித்தை போதும், பத்து எஃபெக்ட்டுக்கு சமம்.

ப்ரொஜெக்டர்: 12000 லூமென்ஸ்னு போட்டு 7 ஆயிரத்துக்கு வித்தா அது சும்மா எழுதின நம்பர். ஆன்சி லூமென்ஸ் (முறைப்படி அளந்த வெளிச்சம்) எவ்வளவுன்னு கேளுங்க, அது போடலன்னா ஓடிருங்க. 1080பி சப்போர்ட்னு இருந்தா அதுக்கு அர்த்தம் 1080பி வீடியோ உள்ள வாங்கிக்கும்னு தான், சொந்த ரெசல்யூஷன் 480ஆ இருக்கும். என் ஃப்ரெண்டு ஒருத்தி வாங்கி இப்போ அத நைட் லேம்ப்பா வச்சிருக்கா. முதல்ல டிவில ஓட்டுங்க. ஆச அடங்கலன்னா பின்னாடி உண்மையான 200, 300 ஆன்சி இருக்கற சின்ன எல்ஈடி ப்ரொஜெக்டர் போதும், ராத்திரி லைட்ட அணைச்சா பளிச்னு இருக்கும்.

டிவில மாட்டும்போது டூப்ளிகேட் வேணாம், எக்ஸ்டெண்ட் போடுங்க, அறிவிப்பு எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. பெங்களூருல ஒரு வீட்டு பார்ட்டில நான் உருகி உருகி ஓட்டிக்கிட்டு இருந்தப்போ எட்டடி சுவத்துல எங்கம்மா மெசேஜ் வந்துச்சு, "பிபி மாத்திரை போட்டியா". எல்லாரும் கை தட்டினாங்க. அன்னிக்கு ராத்திரி நான் ஓட்டினதுலயே அதுக்கு தான் பெரிய கைதட்டு.

பட் பட்னு வெள்ளையும் கருப்பும் அடிக்கிற ஸ்ட்ரோப் மட்டும் ஜாக்கிரதை. ஒரு செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல ஃப்ளாஷ் வேணாம், வலிப்பு வர்றவங்க ரூம்ல இருக்காங்களான்னு நமக்கு தெரியாது.

ஈரோடு ஸ்க்ராட்ச்:

நிலா அக்கா சொன்னா சரி, வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா மைக்ல கேட்டு ஆடறதுக்கு, பிபிஎம் சேத்து ஓட்டறதுக்கு எது நல்லா இருக்கும்? ஏப்ள்டன் லிங்க்னு ஒண்ணு இருக்கே, ஒரே வைஃபைல இருந்தா ரெகார்ட்பாக்ஸ் டெம்போவ ரெசொலூம் தன்னால பிடிச்சுக்கும்ல.

நியான்நிலா:

பிடிச்சுக்கும் அண்ணே. ஹவுஸ் டெக்னோவுக்கு அது சொர்க்கம். ஆனா நீங்களே மேல சொன்னீங்களே, 6/8 பாட்டுக்கு சாஃப்ட்வேர் தப்பா எண்ணும்னு. தப்பா எண்ணின டெம்போவ லிங்க்ல அனுப்புனா படமும் தப்பா தான் ஆடும், பாட்டு ஒரு பக்கம் படம் ஒரு பக்கம்னு கல்யாண வீட்டுல குடிச்சிட்டு ஆடற சித்தப்பா மாதிரி இருக்கும். குத்துக்கு மைக் தான். பேஸ மட்டும் பிரிச்சு எடுத்து ஒரு நாப்ல கட்டிட்டா பறை விழற இடத்துல படம் துள்ளும், அதுக்கு தாளம் எண்ணத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல.

ஈரோடு ஸ்க்ராட்ச்:

இது எனக்கு தோணவே இல்ல. சித்தப்பா உதாரணம் மட்டும் கொஞ்சம் சுட்டுச்சு.

மாடிபோர்ஷன்:

எல்லாருக்கும் நன்றி, கார்ட காலி பண்ணிட்டேன். நேத்து பழைய லேப்டாப்ல ஹைட்ரா திறந்து டிவில மாட்டிப் பாத்தேன், ஃபோன்ல பாட்டு போட்டதுக்கே ஆடுச்சு, சந்தோஷத்துல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்கல. காலைல அம்மா மிக்ஸில சட்னி அரைச்சாங்க, டிவி முழுக்க ஒரே வெடி. அத மறந்து ஆஃப் பண்ணாம விட்டிருந்தேன் போல.

ரெண்டு சந்தேகம். கீழ் வீட்டுக்காக ராத்திரி ஹெட்போன்ல தான் ப்ராக்டிஸ் பண்ண முடியும், அப்போ ரூம்ல சத்தமே இருக்காது, மைக்குக்கு எப்படி கேக்கும்? அப்புறம் விஷுவல்ஸுக்கு சரக்கு எங்க எடுக்கறது, சினிமா கிளிப் போடலாமா? ஒருநாள் யூடியூப்ல லைவ் போகணும்னு ஆசை.

ஸ்காபரோ சீலன்:

வணக்கம் தம்பி. நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன், இதை இப்பதான் கண்டனான். ரெண்டுக்கும் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

ஹெட்போன் பிரச்சினைக்கு: கன்ட்ரோலரில இருந்து ஸ்பீக்கருக்குப் போற ஆர்சிஏ வயரை வை வடிவப் பிரிப்பான் போட்டு ரெண்டாப் பிரியுங்கோ. ஒண்டு ஸ்பீக்கருக்கு, மற்றது லைன் இன் இருக்கிற மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒண்டுக்குள்ளால பழைய லேப்டாப்புக்கு. இரவில ஸ்பீக்கரை அதின்ர பட்டனிலயே நிப்பாட்டி விடுங்கோ, மாஸ்டர் (வெளியால போற மிக்ஸ்) தொடர்ந்து போய்க்கொண்டு இருக்கும், படம் ஆடும், வீட்டில சத்தம் இராது. மிக்ஸிச் சத்தமும் பிறகு வராது. ஆனால் ஒண்டு, இப்ப ரெண்டு மெஷினும் வயரால இணைஞ்சிட்டுது, டிவியும் அந்தப் பக்கம் எச்டிஎம்ஐல நிக்குது, ஸ்பீக்கரில ஙொய்ய்ய் எண்டு ஒரு இரைச்சல் வரலாம். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில குடுத்துப் பாருங்கோ. அப்பவும் நிக்காட்டி கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் எண்டு சின்னப் பெட்டி, அதை அந்த வயருக்கு நடுவில போட்டால் அடங்கும். மூண்டு பின் பிளக்கில எர்த் பின்னை உடைக்கிற வேலை மட்டும் செய்யாதேங்கோ. சத்தம் நிக்கும், ஆளும் நிண்டுடுவார்.

படச் சரக்குக்கு சினிமா வேண்டாம். வீட்டுக்குள்ள நீங்கள் பாக்கிறது ஒரு கதை, யூடியூப்பில போட்டால் பாட்டுக்கும் ஒரு கிளெய்ம் வரும், படத்துக்கும் இன்னொண்டு வரும். இன்டர்நெட் ஆர்கைவில ப்ரெலிங்கர் தொகுப்பு எண்டு தேடிப் பாருங்கோ, பழைய விளம்பரப் படம், பள்ளிக்கூடப் படம் எல்லாம் கிடக்குது, நிறைய பொதுவுடைமை. நாசா வீடியோவும் பெரும்பாலும் தாராளமா எடுக்கலாம். டச்டிசைனர் எண்டு ஒரு விஷுவல்ஸ் சாஃப்ட்வேர் சொல்லுவினம், இங்க டொரோண்டோவில இருக்கிற டெரிவேட்டிவ்காரர் செய்யிறது, வியாபாரம் இல்லாட்டி இலவசம், 1280க்கு 1280 மட்டும் தான் படம் வரும், உங்களுக்கு அது காணும். ஆனால் இப்ப அதுக்குள்ள போகாதேங்கோ. ஸ்க்ரீனில பெட்டியையும் வயரையும் இணைச்சு இணைச்சு ஒரு வருசம் போயிடும், ஒரு பாட்டும் மிக்ஸ் பண்ணப் பழகியிருக்க மாட்டியள். அனுபவத்தில சொல்லுறன்.

எனக்கு உண்மையில விருப்பம் கம்ப்யூட்டரே இல்லாத விஷுவல்ஸ். 1968ல நியூயோர்க்கில ஃபில்மோர் ஈஸ்ட் எண்ட அரங்கில ஜோஷுவா லைட் ஷோ எண்டு ஒரு குழு, எண்ணெயையும் சாயத் தண்ணியையும் கண்ணாடித் தட்டில விட்டு ப்ரொஜெக்டருக்கு மேல ஆட்டி ஆட்டி ராக் கச்சேரிக்குப் பின்னால ஓட்டினவை. அதை வீட்டில செய்யலாம். ஒரு கண்ணாடிக் கிண்ணம், அடியில டோர்ச் லைட், தண்ணியில ஃபுட் கலர், மேல எண்ணெய், அதுக்கு மேல ஃபோன் கமரா, கமராவை லேப்டாப்பில வெப்கேம் மாதிரி எடுத்து ஓபிஎஸ் எண்ட வீடியோ சாஃப்ட்வேரில டிவிக்கு விடுங்கோ. பாட்டுக்கு ஏத்தமாதிரி கிண்ணத்தைக் கையால ஆட்டுங்கோ, அதைவிட லைவ் என்ன இருக்கு. நான் முதல் தரம் தேங்காயெண்ணெய் விட்டனான், மார்கழி மாசம், பேஸ்மென்ட்டில கட்டியாப் போச்சுது. திருச்சியில உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொண்டு, வெப்கேமை டிவிக்கு நேராத் திருப்பி, அந்தப் படத்தை அதே டிவியில விடுங்கோ. சுரங்கம் மாதிரி உள்ளுக்க உள்ளுக்கப் போகும். கமராவை ஒரு சொட்டுச் சரிச்சால் சுழலும். காசில்லாத சாமானுகளில இதுதான் எனக்கு ராசா.

சும்மாவந்தவன்:

ப்ரொஜெக்டர் வாங்குனா ஸ்க்ரீனுக்கு அலையாதீங்க. வெள்ளை வேட்டி எட்டு முழம், அகலம் ஒண்ணேகால் மீட்டர் வரும், அகலத்த உயரமா வச்சு கட்டுனா கரெக்டா நூறு இன்ச் படம். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி நாலு மூலையும் இழுத்து கட்டணும். கரைய மட்டும் மேலயும் கீழயும் வர்ற மாதிரி விட்டுருங்க, பச்சை பார்டர் போட்ட சினிமாஸ்கோப்.

நியான்நிலா:

சிரிச்சுக்கிட்டே கணக்கு போட்டுப் பாத்தேன், நெஜமாவே நூறு இன்ச் வருது. இதுக்கு முன்னாடி ஒரு கொசுவலைய தொங்க விட்டா படம் ரெண்டு தளத்துல விழும், காத்துல மிதக்கற மாதிரி இருக்கும்.

மாடிபோர்ஷன்:

ரெண்டரை மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

வாங்குனது: டிடிஜே-400 செகண்ட்ல, கரூர்ல ஒரு பையன்கிட்ட, ஸ்க்ராட்ச் அண்ணே சொன்ன மாதிரி எல்லாத்தையும் ஆட்டிப் பாத்து (ஆறு மாசத்துல ஆச அடங்கின கேஸே தான்). ஒயர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஹெட்போன், நானோகன்ட்ரோல்2, யூஎஸ்பி சவுண்ட் கார்டு. அந்த ஙொய் சத்தம் வந்துச்சு, ஒரே போர்டுல மாட்டினதும் பாதி போச்சு, ஐசொலேட்டர் போட்டதும் மீதியும் போச்சு. இன்னும் கொஞ்சம் காசு மிச்சம் இருக்கு. ப்ரொஜெக்டர் வாங்கல.

முதல் ஆறு வாரம் விஷுவல்ஸ கையால தொடவே முடியல, நிலா அக்கா சொன்ன ரெண்டு கை கணக்கு அப்போ தான் புரிஞ்சுது. இப்போ வெளிச்ச ஸ்லைடர் மட்டும் பழகிடுச்சு. நாலு எண்ணி தூக்கற வித்தைய தம்பிக்கு போட்டு காட்டினேன், சோஃபால இருந்து எந்திரிச்சுட்டான்.

சரக்குக்கு வெளிய எங்கயும் போகல. மார்கழியாச்சே, அம்மா காலைல அஞ்சு மணிக்கு வாசல்ல புள்ளிக் கோலம் போடறத மாடில இருந்து நேரா கீழ பாத்து ஃபோன்ல எடுத்தேன், ஒரு கம்புல கட்டி தொங்க விட்டு. ஆலில போட்டு டிஎக்ஸ்வி ஆக்கி, பழைய லேப்டாப்ல ரெசொலூம் டெமோல, 720பிதான், ரெண்டு லேயருக்கு மேல போனா மூச்சு வாங்குது. முன்னாடி ஓட்டுனா கோலம் வளரும், பின்னாடி இழுத்தா அம்மா கைக்குள்ளயே மாவு திரும்பிப் போகும். பேஸ் விழற இடத்துல ரிவர்ஸ் அடிச்சா என்னமோ பண்ணுது, சொல்லத் தெரியல.

அம்மாவ உக்கார வச்சு காட்டினேன். ஒரு நிமிஷம் பேசாம பாத்துட்டு, "இடுப்பு ஒடிய போட்ட கோலத்த ஏண்டா இப்படி அழிக்கிற"ன்னாங்க. அப்புறம், "அந்த மூணாவது புள்ளி வரிசை கோணலா இருக்கு, நாளைக்கு வேற போடறேன், அத எடு"ன்னாங்க.

50 ஆயிரம் விஷயம் இன்னும் சொல்லல.